வளவில் சிகரெட்: பங்கு வீட்டில் யார் யாரிடம் சொல்வது?

டிசம்பர் 9, 2024

ஒரு வாசகி கேட்டிருப்பதை அப்படியே போடுகிறேன். (வளவு என்பது எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் நடு முற்றத்தைச் சுற்றியிருக்கும் கூடம். பங்கு என்பது அந்த வீட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருக்கிற உரிமை.)

"காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பழைய வளவு வீடு, ஐந்து பங்கு. மூன்று பங்குக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். ஊரிலேயே இருப்பது நாங்கள், என் கணவரின் அண்ணன் குடும்பம், மாமியார். அண்ணன் காலையில் காப்பி குடித்ததும் ஒன்று, பேப்பர் படிக்கும்போது ஒன்று, மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்று, ராத்திரி டிவி பார்க்கும்போது இரண்டு மூன்று என்று வளவிலேயே உட்கார்ந்து சிகரெட் குடிப்பார். என் மகனுக்கு நாலு வயது. வீசிங் இருக்கிறது. போன மாதம் மட்டும் இரண்டு தடவை நெபுலைசர் வைக்கத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என் கணவரிடம் சொன்னால், 'முற்றம் திறந்துதானே கிடக்கிறது, புகை மேலே போய்விடும்' என்கிறார். மாமியார், 'அவன் வீட்டில் அவன் குடிக்கிறான்' என்கிறார். அண்ணனிடம் நான் நேரே பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் இதைக் கேட்பது தப்பா?"

அதே நாள், இரவு

தப்பில்லை. உங்கள் கதையில் வரும் அந்த அண்ணன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்தவன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீடு கானாடுகாத்தான் பக்கம், ஏழு பங்கு. வளவை ஒட்டிய மேடையான பட்டாலையில் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்று பதினெட்டு வருஷம் குடித்தேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் மூத்தவன்.

1999-ல் தம்பிக்கு மகள் பிறந்தாள். வளவு விட்டத்துக் கொக்கியில்தான் தொட்டில் கட்டினார்கள். ஆத்தாவின் (எங்கள் அம்மாவின்) பழைய கண்டாங்கிச் சேலைதான் தூளி. நான் உட்காரும் தூணிலிருந்து எட்டடி இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, பயத்தமாவு போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூங்கப் போட்டார்கள். சாயங்காலம் அழுதது என்று நான்தான் தூக்கினேன். உச்சியில் மூக்கை வைத்தால் சிகரெட் வாசனை. காலையில் குளித்த தலை. முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை, பூனை மயிர் மாதிரி இருக்கும். எட்டு மாதப் பிள்ளையின் மண்டையில் என்னுடைய சிகரெட் நாற்றம். அன்றைக்கு வளவை விட்டு எழுந்து வெளியே போனவன்தான். சிகரெட்டை முழுதாக விட அதற்கப்புறம் ஏழு வருஷம் ஆயிற்று. ஆனால் வீட்டுக்குள் குடிப்பது அன்றோடு சரி.

டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த தடவை கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "வீட்டில் யாராவது சிகரெட் குடிக்கிறார்களா?" என்று டாக்டர் கேட்கும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

டிசம்பர் 10

"முற்றம் திறந்துதானே கிடக்கிறது" என்பதைப் பற்றி. ராத்திரி யோசித்தபோது, இதையே நானும் எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன் என்று நினைவுக்கு வந்தது. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று இன்றைக்கு இரண்டு தடவை ஊதுபத்தி கொளுத்தி, நான் அந்தக் காலத்தில் உட்கார்ந்த தூணடியில் வைத்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு வைத்தபோது புகை முற்றத்துப் பக்கம் சாய்ந்து ஓட்டு விளிம்பைத் தொட்டு மேலே போனது. வெயிலில் முற்றத்துக் கல் சூடாகி, காற்று மேலே எழும்பும்போது சுற்றியிருக்கும் தாழ்வாரத்துக் காற்றையும் இழுத்துக்கொள்கிறது. நம் வீடுகள் கோடையில் குளிர்ச்சியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக உங்கள் கணவர் சொன்னது மத்தியானத்துக்குச் சரி.

ராத்திரி எட்டு மணிக்கு வைத்தேன். புகை மேலே போகவே இல்லை. ஆள் உயரத்துக்கு எழும்பி, படுக்கைவசமாக நீண்டு, உத்தரத்துக்குக் கீழே தேங்கி நின்றது. அப்புறம் மெதுவாக அறைகளின் பக்கம் நகர்ந்தது. வெயில் போனதும் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கி வளவுக்குள் பரவுகிறது. அது புகையையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறது. எட்டு மணிக்கு டிவி ஓடும். பிள்ளை தூங்கப் போகிற நேரமும் அதுதான்.

இன்னொன்று. மழைக்கும் குரங்குக்கும் பயந்து இப்போது நிறைய வீட்டில் முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டுவிட்டார்கள். அப்படியானால் மத்தியானக் கணக்கும் கிடையாது.

டிசம்பர் 12

உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். "அவன் வீட்டில் அவன் குடிக்கிறான்."

அவன் வீடு எது? நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை. அதற்கே நாம் 'வீடு' என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். அதன் பூட்டும் சாவியும் அவருடையது. வளவும் முற்றமும் பட்டாலையும் முகப்பும் சாமி வீடும் எல்லாப் பங்குக்கும் பொது. பொது இடத்தில் நாம் எத்தனை ஒழுங்கு வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். செருப்போடு வளவுக்குள் நடக்கக் கூடாது. படைப்புக்கு முன்னால் வீட்டில் கவிச்சி கூடாது. சாமி வீட்டுக்கு முன்னால் காலை நீட்டி உட்காரக் கூடாது. இதில் எதையும் "என் பங்கு, நான் செய்வேன்" என்று யாரும் மீறுவதில்லை. ஆகவே பொது இடத்துக்கு வீட்டார் கூடி ஒழுங்கு வைப்பது நமக்குப் புதிது கிடையாது.

பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள் இல்லையா? அன்றைக்குப் பங்காளிகள் எல்லோரும் இருக்கும்போது உங்கள் கணவரைப் பேசச் சொல்லுங்கள். மராமத்துக் கணக்கு பேசுகிற மாதிரி இதையும் ஒரு வரியாகப் பேசி முடித்துவிடலாம்.

டிசம்பர் 13

இன்றைக்குத் தீபம். விளக்கு வைக்க வேண்டும். சாம்பிராணி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பிறகு எழுதுகிறேன்.

டிசம்பர் 16

கேள்வி இதுதான்: "உங்கள் கதையில் பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது மட்டும் புகை இல்லையா? பொங்கலுக்கு முற்றத்தில் விறகு அடுப்பு மூட்டுகிறோமே? அண்ணன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?"

மூன்று நாளாக இதற்குப் பதில் தேடினேன். முதலில், அது வேறு இது வேறு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை, ஏனென்றால் அது முழு உண்மை கிடையாது. சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டாலும், விறகு எரித்தாலும், சிகரெட் கொளுத்தினாலும் நுரையீரலின் அடிவரைக்கும் போகிற நுண்துகள் வரத்தான் செய்யும். வீசிங் இருக்கிற பிள்ளைக்கு எந்தப் புகையும் ஆகாது. தம்பி மகளுக்குச் சாம்பிராணி காட்டியதும் இப்போது யோசித்தால் தேவையில்லாத வேலைதான்.

இதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது, கொசுவத்திச் சுருள். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து தீரும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. தங்கச்சி, உங்கள் அறையில் ராத்திரி சுருள் கொளுத்துகிறீர்களா? கொளுத்தினால் இன்றைக்கே நிறுத்துங்கள். கொசுவலை போதும். கிண்டி விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அண்ணனிடம் ஒன்றை விடச் சொல்லும்போது நாமும் ஒன்றை விட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் எல்லாப் புகையும் ஒன்று என்று முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. பொங்கல் அடுப்பு வருஷத்தில் ஒரு நாள். அன்றைக்குப் பிள்ளையை வேறு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சாம்பிராணி வாரத்துக்கு ஒரு நாள், ஐந்து நிமிஷம். சிகரெட் தினமும் ஐந்தாறு தடவை. அதோடு அந்தப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் எழுபதளவு புற்றுநோய் உண்டாக்குபவை. குடிப்பவர் இழுத்து விடுகிற புகையைவிட, கையில் வைத்திருக்கும்போது நுனியிலிருந்து சும்மா எழும்புகிற புகைதான் வீட்டில் அதிகம் சேர்கிறது. நான் பேப்பர் படிக்கும்போது பாதி சிகரெட் சாம்பல் தட்டில்தான் எரியும். அந்தப் பாதி வீட்டாருக்குப் போயிருக்கிறது.

டிசம்பர் 17

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க. 1981-ல் ஜப்பானில் ஹிரயாமா என்ற ஆய்வாளர் ஒரு கணக்கு வெளியிட்டார். புகைபிடிக்காத 91,540 மனைவியரை 14 வருஷம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார். கணவர் அதிகம் குடிக்கக் குடிக்க, குடிக்காத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதும் கூடியிருக்கிறது. எங்கள் ஆத்தாவுக்குக் கடைசிப் பத்து வருஷம் இருமல். ஐயா (தாத்தா) 1942-ல் ரங்கூனிலிருந்து திரும்பி வந்தபோது சுருட்டுப் பழக்கத்தோடு வந்தவர். அப்பச்சி (அப்பா) பினாங்கிலிருந்து வந்தபோது சிகரெட் டின்னோடு வந்தார். அப்புறம் நான். ஆத்தா கல்யாணமாகி இந்த வளவுக்குள் வந்த நாளிலிருந்து புகைக்குள்தான் இருந்திருக்கிறார். அவருக்கு வந்தது எதனால் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனால் அவர் இருமும்போதெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான், பக்கத்தில் உட்கார்ந்து குடித்ததும் நான்.

டிசம்பர் 19

சட்டம் உண்டா என்று ஒருவர் கேட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். 2003-ல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொது இடத்துக்குத்தான். அங்கே குடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். குடியிருக்கும் வீட்டுக்கு அது வராது. அதே வளவு வீட்டை ஓட்டலாக மாற்றினால் வந்துவிடும். 30 அறையோ அதற்கு மேலோ இருந்தால் புகைப்பவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கலாம், மற்ற இடத்தில் கூடாது. பணம் கொடுத்துத் தங்க வருகிற வெளியூர்க்காரருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு அந்த வீட்டுப் பேரப்பிள்ளைக்கு இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி ஒருவர் சொன்னார்: அங்கே 2013 ஜனவரியிலிருந்து அடுக்குமாடியின் பொது நடையிலும் கீழ்த்தளத்திலும் படிக்கட்டிலும் குடிக்கக் கூடாது. வீட்டுக்குள் குடிப்பது அங்கேயும் அவரவர் விஷயம். பக்கத்து வீட்டு ஜன்னல் புகைக்காகச் சண்டை இன்னும் ஓயவில்லையாம். வீட்டு வாசலுக்குள் சட்டம் எங்கேயும் தயங்கித்தான் நிற்கிறது. வீட்டார்தான் பேசியாக வேண்டும்.

டிசம்பர் 24

"வெளியே திண்ணையில் போய்க் குடிக்க வேண்டியதுதானே, இதற்கு ஏன் இத்தனை பேச்சு?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சென்னைப் பிள்ளை போலிருக்கிறது.

திண்ணையில் குடிக்க முடியாது, தம்பி. தெருவில் போகிறவர்கள் பாதிப்பேர் பெரியப்பச்சி முறை, அண்ணன் முறை, சம்பந்தி வீட்டு ஆட்கள். அவர்கள் பார்க்கக் குடிப்பது மரியாதைக் குறைவு. நான் முதன்முதலில் குடித்தபோது எனக்கு இருபது வயது. அப்பச்சி முகப்பில் கணக்கெழுதிக்கொண்டிருப்பார். அவர் எதிரில் குடிக்கக் கூடாது. அதனால் இரண்டாம் கட்டைத் தாண்டி மூன்றாம் கட்டில், ஆத்தா சமைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், உரலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று குடித்தேன். ஆத்தாவுக்குத் தெரியும். ஆம்பிளைக்குத் தெரியக் கூடாது, பொம்பிளைக்குத் தெரிந்தால் பரவாயில்லை. அப்பச்சி காலமான பிறகு ஒவ்வொரு கட்டாக முன்னால் வந்தேன். மூன்றாம் கட்டிலிருந்து இரண்டாம் கட்டுக்கும், அங்கிருந்து வளவுக்கும் வந்து, கடைசியில் பட்டாலையில் உட்கார்ந்தேன். வளவில் உட்கார்ந்து குடிப்பதென்றால் வீட்டுக்கு நான்தான் பெரியவன் என்று அர்த்தம். முகப்பைத் தாண்டித் திண்ணைக்கு மட்டும் போகவில்லை, ஏனென்றால் தெருவில் எனக்கும் பெரியவர்கள் இருந்தார்கள்.

இப்போது பாருங்கள். வெளி ஆண்களின் கண்ணுக்குக் கொடுத்த மரியாதை, வீட்டுப் பெண்கள், பிள்ளைகளின் மூச்சில் கழிந்திருக்கிறது. தெருவில் போகும் பெரியவர் அரை நிமிஷம் பார்ப்பார், போய்விடுவார். உள்ளே இருப்பவர்கள் நாள் முழுதும் அதை மூச்சில் இழுப்பார்கள். இதை நான் ஐம்பது வயதுக்கு அப்புறம்தான் யோசித்தேன்.

ஆகையால் அண்ணனிடம் "வெளியே போய்க் குடியுங்கள்" என்றால் அவர் காதில் "இந்த வீட்டில் நீ பெரியவன் இல்லை" என்று விழும். அதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

டிசம்பர் 25

மரியாதையைக் குறை சொல்லிவிட்டேன் என்று ஒரு பெரியவருக்கு வருத்தம். இல்லை ஐயா. பெரியவர் எதிரில் குடிக்கக் கூடாது என்ற கூச்சம் எவ்வளவோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தக் கூச்சம் தொட்டில் பிள்ளைக்கு முன்னாலும் வர வேண்டும் என்கிறேன். கருப்பருக்குச் சுருட்டு வைத்துப் படைப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது ஊருக்கு வெளியே கோயில் வாசலில் நடப்பது. சாமியே ஊர் எல்லையில்தான் நிற்கிறார்.

ஜனவரி 8, 2025

நோன்பு முடிந்து வாசகி எழுதியிருக்கிறார். நன்றாகப் போகவில்லை.

எல்லோரும் வந்திருக்கிறார்கள். நோன்புச் சடங்கான இழை எடுத்துக்கொண்டு, பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் கணவர், நான் சொன்ன மாதிரியே, "வளவில் இனி யாரும் சிகரெட் குடிக்க வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார். குடிப்பது ஒருவர்தான். எல்லோருடைய கண்ணும் அவர்மேல் திரும்பியிருக்கிறது. அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். மாமியார் மருமகளைப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமாக என் பிள்ளையைச் சாப்பிட விடாமல் பண்ணிவிட்டாயே" என்று அழுதிருக்கிறார். மூன்று நாளாக இரண்டு குடும்பத்துக்கும் பேச்சில்லை. வளவில் சிகரெட் இப்போது முன்னைவிட அதிகம்.

இது என் தப்பு. டிசம்பர் 12-ல் நான் எழுதிய யோசனையை நம்பி அவர்கள் செய்தார்கள். மராமத்துச் செலவு மாதிரி பேசலாம் என்றேன். மராமத்தில் யாருக்கும் தலைகுனிவு இல்லை, இதில் இருக்கிறது. பன்னிரண்டு நாள் கழித்து நானே அதை விளக்கி எழுதினேன், எழுதியும் முதலில் சொன்ன யோசனையைத் திரும்பப் பெறாமல் விட்டேன். தங்கச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். முதல் நாள் எழுதியதில், பிள்ளை அழுதது, நானே தூக்கினேன், நானே உணர்ந்தேன் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. பிள்ளை அழவில்லை. ஆத்தாதான் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். தம்பி வெளியே போயிருந்தான். அவன் மனைவி அடுப்படியில். வளவில் வேறு யாரும் இல்லை. "இவள் உச்சியை மோந்து பார்" என்றார். மோந்து பார்த்தேன். ஆத்தா வேறொன்றும் சொல்லாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிகரெட் என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை. இருபத்தைந்து வருஷமாக இந்தக் கதையை நானாகத் திருந்திய கதையாகவே சொல்லி வந்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை ஆத்தா எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தாரோ.

அதனால் இப்போது சொல்வது இது. உங்கள் கணவர் இனி இதைப் பேச வேண்டாம். நீங்களும் வேண்டாம். உங்கள் மாமியாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பிள்ளைக்கு நெபுலைசர் வைக்கும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மூச்சு இழுக்கும்போது அந்தச் சின்ன விலா எலும்புக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து போவதை அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

ஜனவரி 11

அமெரிக்காவிலிருந்து வந்த மருமகன் மின்சிகரெட் வைத்திருக்கிறாராம், அதை அண்ணனுக்குக் கொடுத்தால் புகை இருக்காதே என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். 2019-லிருந்து நம் நாட்டில் அதை விற்பது, இறக்குமதி செய்வது எல்லாம் தடை. அதிலிருந்து வருவதும் வெறும் தண்ணீர் ஆவி இல்லை, நிகோடினும் நுண்துகளும் இருக்கின்றன. எக்ஸாஸ்ட் ஃபேன், வாசனை ஸ்பிரே, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பது எல்லாவற்றையும் நான் செய்து பார்த்தவன். நாற்றம்தான் குறையும். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-ல் வெளியிட்ட அறிக்கை, காற்றோட்ட வசதியாலோ இடத்தைப் பிரிப்பதாலோ இந்தப் புகையின் ஆபத்தை முழுதாக நீக்க முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. வீட்டுக்குள் குடிக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

புகை போன பிறகும் துணியிலும் சுவரிலும் படிந்திருப்பதைப் பற்றி இன்னொருவர் கேட்டார். படியும். 2004-ல் ஒரு கல்யாணத்துக்காக எங்கள் வளவில் இருக்கும் பெல்ஜியம் கண்ணாடியைத் துடைத்தோம். வெள்ளை வேட்டித் துண்டை வெந்நீரில் நனைத்து ஓர் ஓரத்தில் இழுத்தேன். துண்டு டிகாஷன் நிறத்துக்கு வந்தது. விரலில் ஒட்டியது, முகர்ந்தால் பழைய சாம்பல் தட்டு வாசனை. நான் வளவில் குடிப்பதை நிறுத்தி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.

ஜனவரி 20

பொங்கலுக்குப் பிள்ளையை அம்மா வீட்டில் விட்டிருந்ததாக வாசகி எழுதியிருக்கிறார். நல்லது. ராத்திரி சுருளையும் நிறுத்திவிட்டார்கள், கொசுவலை வாங்கியாயிற்று. 17-ஆம் தேதி ராத்திரி மறுபடி இழுப்பு வந்திருக்கிறது. மாமியாரும் கூடப் போயிருக்கிறார். போகும்போதும் வரும்போதும் ஒன்றும் பேசவில்லையாம்.

கூடவே ஒரு செய்தி: அண்ணன் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போகிறார், மாலை போட்டாயிற்று. வருஷா வருஷம் போகிறவராம். மாலை போட்ட நாளிலிருந்து திரும்பி வரும் வரைக்கும் சிகரெட்டைத் தொட மாட்டாராம்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை, தங்கச்சி? குன்றக்குடியில் ஆரம்பித்துப் பழனி வரைக்கும் வெயிலிலும் பனியிலும் நடக்கிற மனிதர், உடம்பு கெஞ்சும்போதும் ஒன்றைக் கூடத் தொடாமல் இருக்கிறார் என்றால், அவரால் முடியும். நிகோடின் இல்லாத ஏக்கம் முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சம், மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அவர் பழனியில் மாலையைக் கழற்றும்போது மோசமான நாட்களைத் தாண்டியிருப்பார். நானெல்லாம் அந்த மூன்று நாளைத் தாண்ட முடியாமல் ஐந்து தடவை தோற்றவன். அவர் வருஷா வருஷம் தாண்டிவிட்டுத் திரும்பி வந்து வளவில் உட்கார்ந்து பற்றவைக்கிறார். அங்கே அவரிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

இதை அவர் காதுக்குக் கொண்டு போக வேண்டாம். சாமிக்காக விட்டதைப் பிள்ளைக்காக விடக் கூடாதா என்று குத்திக் காட்டினால் காரியம் கெடும். மாமியாருக்குத் தோன்றினால் அவர் சொல்வார்.

பிப்ரவரி 14

வாசகியின் கடிதம். சுருக்கித் தருகிறேன்.

அண்ணன் 12-ஆம் தேதி ராத்திரி திரும்பினார். மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியார் பேரனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தி, "பெரியப்பச்சிக்கு இன்ஹேலர் எப்படி இழுக்கிறது என்று காட்டு" என்றார். பிள்ளை பெருமையாகக் காட்டியிருக்கிறான்: குடுவையை முகத்தில் வைத்து, கண்ணை உருட்டிக்கொண்டு, ஒன்று இரண்டு என்று மூச்சை எண்ணி. அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று கேட்டார். இரண்டு தடவை என்றார் மாமியார். அண்ணன் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். அங்கேதான் பற்றவைத்தார். இந்த இரண்டு நாளாகக் கிணற்றடியில்தான்.

முழுதாக விடவில்லையே என்று வாசகிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இருக்கட்டும். அதை அவர் பார்த்துக்கொள்வார். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: 1800-11-2356, அரசின் இலவச எண், 2018-லிருந்து சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் சீட்டில்லாமல் கிடைக்கும். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். எனக்கு உதவியது அதுதான்.

உள்ளே வரும்போது சட்டையை மாற்றிக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினால் நல்லது. இதையும் மாமியாரே சொல்லட்டும், இப்போது வேண்டாம், ஒரு மாதம் போகட்டும்.

நாடு முழுக்க நிலைமை என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். 2009-10 கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 52.3 சதவீதம் பேர் வீட்டில் அடுத்தவர் புகையைச் சுவாசித்தார்கள். 2016-17-ல் 38.7 சதவீதம். குறைந்திருக்கிறது. எத்தனை வீட்டில் எத்தனை ஆத்தாக்கள் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 17

மழைக்காலம் வந்தால் அண்ணன் திரும்ப வளவுக்குள் வந்துவிடுவாரே என்று கேட்டிருக்கிறீர்கள். வருவார். நானும் ஐப்பசி மழையில் ஒரு தடவை மூன்றாம் கட்டுக்கு வந்தேன், ஆத்தா பார்த்துவிட்டுப் பேசாமல் குடையைக் கொண்டுவந்து வைத்தார்.

இப்போதே கிணற்றடிச் சுவரை ஒட்டித் தகரச் சாய்ப்பு ஒன்று இறக்கிவிடுங்கள். ஆறடிக்கு நாலடி போதும். வாசல் பக்கம் திரும்பாமல் தென்னைகளைப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும், தெருவிலிருந்து தெரியாது. வளவில் இருக்கும் அவருடைய நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் போடாதீர்கள், அது அங்கேயே இருக்க வேண்டும். இதற்கு வேறு நல்ல நாற்காலி, கை வைத்தது, சாம்பல் தட்டோடு. செலவைப் பங்குக் கணக்கில் எழுத வேண்டாம். உங்கள் கணவர் தன் கைக்காசில் போடட்டும், போட்டது அண்ணனுக்குத் தெரியட்டும்.